கத்திரி வெயிலில் கொதிக்கும் பழைய ஜீப்: கோளாறு எங்கே, எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது?

தேனி மாவட்டத்தில் போடி, கம்பம், தேவாரம் பக்கம் விடியற்காலையில் ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். ஏலத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக ஜீப்கள் மலை ஏறும். அதில் பல வண்டிகள் 20, 25 வருடம் ஓடியவை. காலையில் ஏறும்போது பெரிய பிரச்னை இருக்காது. மே மாதம் மதியம் அதே வண்டி திரும்ப ஒரு நடை ஏறும்போதுதான் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும்.

தொழிலுக்கு ஓட்டுபவர்கள் மட்டும் இல்லை. பழைய மஹிந்திரா மேஜர், எம்எம்540, கமாண்டர், முதல் தலைமுறை தார் போன்ற வண்டிகளை ஆசைக்கு வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். "வெயிலுக்கு அப்படித்தான் சூடாகும், பழைய வண்டிதானே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஜீப் 42 டிகிரி வெயிலிலும் கொதிக்கக் கூடாது. கொதித்தால் ஏதோ ஒரு பாகம் வேலை செய்யவில்லை என்றே அர்த்தம். அது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எதற்குச் செலவு செய்யலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

வெயில் அடித்தால் எஞ்சினுக்கு என்ன ஆகிறது?

கணக்கு ரொம்ப எளிது. ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும் என்பது, உள்ளே ஓடும் தண்ணீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 65. அதே தண்ணீர் 90 டிகிரியில் இருக்க, காற்று 42 டிகிரி ஆகிவிட்டால் வித்தியாசம் வெறும் 48. அதாவது ரேடியேட்டரின் திறனில் கிட்டத்தட்ட கால் பங்கு வெயிலிலேயே போய்விடுகிறது.

புது வண்டியில் இந்தக் கால் பங்கு போனாலும் மிச்சம் இருக்கும். பழைய ஜீப்பில் ரேடியேட்டர் குழாய்களில் ஏற்கெனவே உப்பு படிந்து, ஃபின் எல்லாம் மடங்கிப் போய், பெல்ட் தளர்ந்து இருக்கும். மழைக்காலத்தில் இது எதுவும் வெளியே தெரியாது. கத்திரி வந்ததும் எல்லாம் ஒன்றாகக் கணக்குக் கேட்கும்.

எஞ்சினைப் பொறுத்தும் வித்தியாசம் உண்டு. 80களிலும் 90களிலும் வந்த பல மஹிந்திரா ஜீப்களில் இருப்பது பியூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின். 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 எம்எம் அகலம், மொத்தம் 2112 சிசி. இதில் டீசல் நேராக பிஸ்டன் மேல் பீய்ச்சப்படாமல், பக்கத்தில் ஒரு சின்ன அறையில் எரியத் தொடங்கும். அந்த அறையின் சுவர் வழியாக நிறைய சூடு தண்ணீருக்குப் போய்விடும். பிறகு வந்த 2523 சிசி டிஐ எஞ்சினில் டீசல் நேரடியாக சிலிண்டருக்குள் போகிறது. தண்ணீருக்குப் போகும் சூடும் குறைவு. அதனால் பியூஜோ எஞ்சின் ஜீப் வைத்திருப்பவர்கள் கூலிங் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

எப்போது சூடாகிறது? அதுவே பாதி விடை

மெக்கானிக்கிடம் போகும் முன் இந்த ஒரு கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும்போது சூடாகிறதா, ஓடும்போது சூடாகிறதா?

டிராஃபிக்கில் நிற்கும்போதும், மெதுவாக ஊர்ந்து போகும்போதும் முள் ஏறி, ரோட்டில் 50, 60-ல் போனதும் இறங்கிவிடுகிறது என்றால் குறை காற்றில் இருக்கிறது. ஃபேன் பெல்ட் வழுக்குகிறதா, ஃபேன் பிளேடு வளைந்திருக்கிறதா, ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கூண்டைத்தான் பல வண்டிகளில் எப்போதோ ரேடியேட்டர் வேலைக்குக் கழட்டியவர்கள் திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் அதே இடத்தில் இருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது. ஒரு தகரக் கூண்டு மாட்டியதோடு சூடு பிரச்னை முடிந்துபோன வண்டிகள் நிறைய.

மாறாக, டவுனுக்குள் நன்றாக ஓடி, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் அல்லது லோடோடு ஏறும்போது சூடானால், குறை பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில் இருக்கும். ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, வாட்டர் பம்ப் இம்பெல்லர் தேய்மானம், அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சும்போது உள்ளே சுருங்கிக்கொள்வது. இந்தக் கடைசி விஷயம் கண்ணில் படாது. வண்டி நிற்கும்போது ஹோஸ் நன்றாகத்தான் தெரியும். ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் கீழ் ஹோஸைப் பார்த்தால் அது ஒட்டிக்கொள்வது தெரியும்.

ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடத்திலேயே, வண்டி நகராமலே சூடாகிறதா? அப்போது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு கூலிங் தண்ணீருக்குள் புகுகிறது. மூடி போட்டு ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் இதே கதைதான். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. ஓட்டினால் பேரிங்கும் சேர்ந்து போகும்.

ஒரு சின்ன உதவி. துப்பாக்கி வடிவத்தில் இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி இப்போது ஆன்லைனில் சாதாரணமாகக் கிடைக்கிறது. எஞ்சின் சூடான பிறகு ரேடியேட்டரின் மேல் இருந்து கீழ் வரை அதைக் காட்டிக்கொண்டே வாருங்கள். வெப்பம் படிப்படியாகக் குறைந்தால் சரி. நடுவில் ஒரு திட்டு மட்டும் சட்டென்று குளிராக இருந்தால் அந்தப் பகுதிக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை. டேஷ்போர்டு முள் பொய் சொல்கிறதா என்பதையும் இதிலேயே சரிபார்த்துவிடலாம். 25 வருட மீட்டரை நம்பி ஹெட்டைக் கழட்டினவர்கள் உண்டு.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டா சரியாயிடும்" - உண்மையா?

தமிழ்நாட்டில் பாதி ஒர்க்‌ஷாப்களில் கேட்கும் வசனம் இது. நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு என்பது வாதம்.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. எஞ்சின் 82 டிகிரி அளவுக்கு வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. அதுவரை தண்ணீர் பைபாஸ் என்ற குறுக்கு வழியில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தக் குறுக்கு வழியை மூடும் வேலையையும் செய்யும். அதைக் கழட்டி எறிந்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள் வரும். லோடோடு ஏறும்போது சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யலாம்.

இன்னொரு பக்கம், மலையின் குளிர்ந்த காலை நேரத்தில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே வராது. டீசல் சரியாக எரியாமல் புகை கூடும், மைலேஜ் குறையும், லைனர் சீக்கிரம் தேயும். தெர்மோஸ்டாட் கெட்டுப்போனால் புதிது போடுவதுதான் வழி. விலை பெரிசு இல்லை. பழையது கெட்டதா என்று பார்க்க ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து உள்ளே போட்டுப் பாருங்கள். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் குப்பைக்கு.

தண்ணீரா, கூலன்ட்டா?

போர் தண்ணீர் ஊற்றுவதுதான் பழைய ஜீப்களைக் கொன்ற முதல் காரணம். நம் ஊர் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு, வீட்டு வாட்டர் ஹீட்டரில் படிவது போலவே ரேடியேட்டரிலும் ஹெட்டின் உள்வழிகளிலும் படியும். அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. பித்தளை, செம்பு ரேடியேட்டராக இருந்தால் ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பு எடுத்து, திரும்பச் சூடு வைத்து ஒட்டித் தருவார்கள். பாதிக் குழாய்களை அடைத்து ஒட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்குப் பதில் கோர் மாற்றிவிடலாம்.

கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்தால் அது சாதாரணமாகவே சுமார் 106, 107 டிகிரியில்தான் கொதிக்கும், துருவும் பிடிக்காது. 'ரெடி டு யூஸ்' என்று போட்டிருக்கும் கேனில் மேற்கொண்டு தண்ணீர் கலக்க வேண்டாம், அதில் ஏற்கெனவே கலந்திருக்கும். பச்சை, சிவப்பு என்று இரண்டு வகையை ஒன்றாக ஊற்றுவதும் வேண்டாம்.

இங்கே எல்லோரும் மறக்கும் பொருள் ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி மட்டும் இல்லை, ஒரு பிரஷர் வால்வு. குக்கர் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை மேலே தள்ளுகிறது. ஒரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு சுமார் ஒன்றரை டிகிரிக்கு மேல் கிடைக்கும். ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் வெடித்த மூடியில் இது எதுவும் கிடைக்காது. மலைக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். 1,500 மீட்டர் உயரத்தில் சாதாரணத் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்கள் போய்ச் சேரும் இடம் சுமார் 7,900 அடி. அந்த ஏற்றத்தில் பழுதான மூடியோடு போகும் வண்டி, எஞ்சினில் வேறு எந்தக் குறையும் இல்லாமலேயே பொங்கி வழியலாம். புது மூடி வாங்கும்போது வண்டிக்குச் சொல்லப்பட்ட அதே அழுத்த அளவைக் கேட்டு வாங்குங்கள். பழைய ரேடியேட்டரில் அதிக அழுத்த மூடி போட்டால் ஒட்டு விட்டுப்போகும்.

வழியில் கொதித்துவிட்டால்?

முள் ஏறத் தொடங்கியதுமே கியரைக் குறையுங்கள். பலர் செய்வது இதற்கு நேர்மாறு. மூன்றாவது கியரில் எஞ்சினை முக்க வைத்து ஏற்றுவார்கள். எஞ்சின் சுற்று குறைந்தால் ஃபேனும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்து மெதுவாகச் சுற்றும். சூடு மட்டும் கூடும். இரண்டாவது கியரில் கொஞ்சம் சத்தமாக, சீராக ஏறுவது எஞ்சினுக்கு நல்லது.

அப்படியும் குறையவில்லை, ஆனால் ஆவி வரவில்லை, தண்ணீர் வழியவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி நியூட்ரலில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓரிரு நிமிடம் ஓட விடலாம். ஆவி கிளம்பிவிட்டது, ஹோஸ் வெடித்துவிட்டது என்றால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.

அடுத்தது முக்கியம். மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முக்கால் மணி நேரம் காத்திருந்து, கனமான துணி போட்டு, முதல் திருப்பில் நிறுத்தி அழுத்தத்தை வெளியே விட்டு, பிறகு திறக்க வேண்டும். அவசரத்தில் ஹெட் மேல் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு வழக்கம். சூடான வார்ப்பிரும்பு மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் வெடிக்கும். அதுவரை 200 ரூபாய் ஹோஸாக இருந்த செலவு அந்த ஒரு குடத்தில் பல ஆயிரம் ஆகிவிடும்.

சூட்டில் நின்றால் திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லையா?

காலையில் ஒரு செல்ஃபில் எடுக்கும் வண்டி, மதியம் டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்தால் மக்கர் செய்கிறது. பழைய டீசல் ஜீப்களில் அடிக்கடி வரும் புகார் இது. இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

செல்ஃப் மோட்டாரே மெதுவாகச் சுற்றுகிறதா? அப்போது மின்சாரப் பக்கம். பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் எர்த் ஒயரைப் பாருங்கள். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு பின்னல் ஒயர் இருக்கும். அது துருப்பிடித்து, பாதி அறுந்து போயிருப்பது பழைய வண்டிகளில் சர்வ சாதாரணம். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஒயர் மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்துவிட்டாலே பல வண்டிகளில் செல்ஃப் துள்ளி எடுக்கும். பேட்டரியும் வெயிலில் சீக்கிரம் ஆயுள் இழக்கும் பொருள்தான். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டீசல் பக்கம் பார்க்க வேண்டும். ரோட்டரி வகை டீசல் பம்ப் உள்ளே தேய்ந்திருந்தால், சூட்டில் இளகிய டீசல் அந்த இடைவெளி வழியாகக் கசிந்துவிடும். நோசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் வராது. இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. எஞ்சின் ஆஃபில் இருக்கும்போது, குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை பம்ப்பின் தலைப்பகுதியில் சில நிமிடம் சுற்றி வையுங்கள். பம்ப் ஆறியதும் வண்டி உடனே எடுத்தால், பம்ப் தேய்ந்திருக்கிறது. பம்ப் சர்வீஸ் கடைக்குப் போக வேண்டிய நேரம். துணி போட்டும் எடுக்கவில்லை என்றால், டீசல் டியூபில் காற்று இழுக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று தேடுங்கள். வெயிலில் காய்ந்து விறைத்துப்போன ரப்பர் டியூப் டீசலை வெளியே ஒழுக விடாது; ஆனால் காற்றை உள்ளே இழுத்துவிடும். அதனால்தான் தரையில் ஒரு சொட்டு டீசல் இல்லாவிட்டாலும் ஏர் பிடித்துக்கொள்கிறது.

பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரச்னை. எஞ்சின் சூட்டில் டியூபிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுத்துக்கொண்டு நிற்கும். டியூபை சைலன்சர் பக்கத்தில் இருந்து விலக்கிக் கொண்டுபோவதுதான் தீர்வு. அப்படியே எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் டியூபாக மாற்றிவிடுங்கள். பழைய ரப்பரை எத்தனால் கரைத்துவிடும்.

இறங்கும்போது வரும் ஆபத்து

ஏறும்போது கொதித்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் கொதித்தால் வண்டி நிற்காது. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியில் எஞ்சினை விட முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி. ஈரம் சேர்ந்த பிறகு அதே ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் சேர்ந்தால் 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம்முக்குள் இந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரையைத் தொடும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

"பிரேக் ஆயில் கொறையவே இல்லை, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். குறையாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க இறக்கி மாற்ற வேண்டும். மலையிலேயே ஓடும் வண்டி என்றால் வருடா வருடம், கத்திரிக்கு முன்பே மாற்றிவிடலாம்.

ரொம்பப் பழைய ஜீப்களில் இன்னொரு குறை உண்டு. மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்கேயோ ஒரு பைப் உடைந்தால் நான்கு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். பின்னால் வந்த மாடல்களில் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் வந்துவிட்டது. பழைய ஜீப்புக்குக் காசு செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் சொல்ல முடியும் என்றால், அலாய் வீல், பெரிய டயர் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த இரட்டை சிலிண்டரைத்தான் சொல்ல வேண்டும். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பூஸ்டர் எல்லாம் அதற்குப் பிறகு.

பூஸ்டர் இருக்கும் டீசல் வண்டிகளில் ஒரு எச்சரிக்கை. டீசல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் தானாகக் கிடைக்காது. பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன வேக்குவம் பம்ப் சேர்ந்தே இருக்கும். "பெரிய ஆல்டர்னேட்டர் போடுறோம் சார்" என்று சொல்லி வேக்குவம் பம்ப் இல்லாத ஒன்றை மாட்டிவிட்டால், லைட் பளிச்சென்று எரியும், பிரேக் கல்லாக இறுகிவிடும்.

ஓட்டும் விதமும் உண்டு. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவது பழைய டிரைவர்களின் வழக்கம். அதில் அர்த்தம் இருக்கிறது. எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது தற்கொலைக்குச் சமம். 4x4 வண்டியாக இருந்தால் மண் பாதை இறக்கத்தில் லோ ரேஞ்ச் போட்டு இறங்கலாம். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு கொண்டை ஊசி திருப்பினால் ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும்.

டயரையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் வெடிப்பு விழுந்த பழைய டயர் வெயிலில் நம்பத்தக்கது இல்லை. காற்றை காலையில் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த சூட்டில் அழுத்தம் கூடியிருக்கிறதே என்று இறக்கிவிட்டால் ஆறிய பிறகு காற்று குறைவாக இருக்கும். குறைந்த காற்றுதான் டயரை இன்னும் சூடாக்கும்.

எதை மாற்றலாம், எதற்கு அவசரம் இல்லை?

ஏசி போடுவதுதான் எல்லோருடைய முதல் ஆசை. ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்காரும். அதாவது ரேடியேட்டருக்கு வரும் காற்றே ஏற்கெனவே சூடாகி வரும். அதோடு கம்ப்ரஸர் எஞ்சினின் சக்தியிலும் பங்கு கேட்கும். கூலிங் நூறு சதவீதம் சரியான பிறகுதான் ஏசி. முதலில் கூடுதல் வரிசை கொண்ட கோர், ஃபேன் கூண்டு, கண்டென்சருக்குத் தனி எலெக்ட்ரிக் ஃபேன், அந்த ஃபேனுக்குத் தாங்கும் ஆல்டர்னேட்டர் என்று போக வேண்டும்.

எஞ்சினோடு சுற்றும் இரும்பு ஃபேனைக் கழட்டிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மட்டும் போடுவது இப்போது ஃபேஷன். சின்ன கார் ஃபேன் ஒன்றைக் கட்டிவிட்டால் அது இழுக்கும் காற்று பழைய ஃபேனில் பாதி கூட இருக்காது. ஃபியூஸ் போனால் அதுவும் இல்லை. மலையில் ஓட்டுபவர்கள் பழைய ஃபேனையே வைத்துக்கொள்வது நல்லது.

ஹெட்லைட்டுக்கு ரிலே போடுவது சின்னச் செலவில் பெரிய லாபம். பழைய ஜீப்களில் லைட்டுக்கான மொத்த கரண்ட்டும் சுவிட்ச் வழியாகவே போகும். ரிலே போட்டால் அதே பல்ப் பிரகாசமாக எரியும், சுவிட்சும் உருகாது. 100 வாட் பல்ப் மாட்டுவது வயரிங்கை எரிக்கவும் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யவும் மட்டுமே பயன்படும். தரைக்கு அடியில் சைலன்சர் பைப் ஓடும் இடத்தில் ஒரு தகடு வைத்து, உள்ளே சூடு தடுக்கும் ஷீட் ஒட்டினால் ஏசி இல்லாமலேயே கால் வேகாமல் ஓட்டலாம். எஞ்சின் ஆயிலை கம்பெனி சொன்ன கிரேடிலேயே ஊற்றுங்கள். வெயிலுக்குக் கெட்டியாக இருக்கட்டும் என்று மனம் போல் மாற்ற வேண்டாம்.

ஆர்டிஓ என்ன சொல்லும்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவின் கீழ், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

ரேடியேட்டர், ஹோஸ், எர்த் ஒயர், பிரேக் ஆயில் எல்லாம் பராமரிப்பு. அதற்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சேசிஸை வெட்டி நீளம் கூட்டுவது, பாடியின் வடிவத்தையே மாற்றுவது, முன்னால் இரும்பு புல் பார் மாட்டுவது எல்லாம் சிக்கல். புல் பார்களை அகற்றச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எஞ்சின் மாற்றுவதாக இருந்தால் முதலில் ஆர்டிஓ அனுமதி, பிறகு ஆர்சி புத்தகத்தில் புது எஞ்சின் எண் பதிவு. இது இல்லாமல் மாட்டிய எஞ்சினோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் ஆய்வுக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. வாடகைக்கு ஓடும் வண்டி எட்டு வருடத்தைத் தாண்டிவிட்டால் எஃப்சி வருடா வருடம். பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறக்கும் முன் ஆர்சியையும் சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுப் போய், எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் பாருங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால், எதற்காக என்று கேளுங்கள்.